ஹாரன் கேட்டு ஓடியவர்கள்

இலுப்பூர்
12-1-1938

இயேசு மரி சூசை துணை.

அன்புள்ள தம்பி சவரியப்பனுக்கு அக்காள் ஆரோக்கியம்மாள் எழுதுவது.

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பதில் வராது என்று தெரிந்தும் கேட்கிறேன். கிறிஸ்துமஸுக்கு நீ ஆவூருக்கு வரவில்லை. பூசை முடிந்து வந்தவர்களுக்கெல்லாம் ஆத்தா பணியாரம் கொடுத்தாள். உனக்கென்று ஒரு கிண்ணத்தை மூடி வைத்தாள். மறுநாள் மத்தியானம் அதை எடுத்து நாய்க்கு வைத்தாள். "அக்காளும் தம்பியும் மொகத்தத் திருப்பிக்கிட்டுத் திரியிறீங்க. நான் செத்தாலாச்சும் ஒருத்தர ஒருத்தர் பாப்பீங்களா?" என்று என்னைத்தான் கேட்டாள். நீ அங்கே இல்லாததால் வசவு முழுவதும் எனக்கு.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசியில் உன் பஸ்ஸில் அடிபட்ட முனியாயியை எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கி வந்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நான் பிரசவம் பார்க்கிற மிட்வைஃப். சாகிறவளுக்கு என்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் நினைவு இருந்தது. "ஓரமாத்தான் தாயி போனேன். ஆரன் அடிச்சாக. ஓடுனேன்" என்றாள். இன்ஸ்பெக்டர் வந்து கேட்டபோது அதை அப்படியே சொன்னேன். டிரைவர் என் கூடப்பிறந்தவன் என்பதற்காக ஒரு வார்த்தை குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. நீ கொன்றாய் என்று நான் சொல்லவில்லை, சவரி. அதை நீயாக எடுத்துக்கொண்டாய். லைசென்ஸைப் பிடுங்கி வைத்திருந்த அந்த ஒரு மாதமும் நீ என் வீட்டுப் பக்கம் வரவில்லை. கேஸ் தள்ளுபடியானதும் சொல்லாமல் கொள்ளாமல் திருமயம் லைனுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாய்.

அந்தச் சண்டையைத் திரும்பப் போடுவதற்காக எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. மாதாமாதம் மேலே அனுப்புகிற மரண ரிப்போர்ட்டை இங்கே நான்தான் எழுதுகிறேன், கம்பவுண்டர் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும் என்பதால். காலராவுக்கு ஒரு கட்டம், அம்மைக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று. மோட்டாரில் அடிபட்டவர்களுக்குக் கட்டம் கிடையாது. பாம்பு கடித்தவர்களோடும் கிணற்றில் விழுந்தவர்களோடும் சேர்த்து அவர்கள் 'மற்றவை'. சென்ற வருஷம் எங்கள் ஆஸ்பத்திரியில் காலராவில் போனவர்கள் நாலு பேர். 'மற்றவை'யைப் பிரித்து எண்ணிப் பார்த்தேன், மோட்டாரில் மட்டும் ஏழு பேர். ஏழு பேரும் நடந்து போனவர்கள். காலரா என்றால் தண்டோரா போடுகிறார்கள், கிணற்றுக்கு மருந்து போடுகிறார்கள், சந்தையைக்கூட நிறுத்துகிறார்கள். இந்த ஏழு பேருக்காக யாரும் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடவில்லை.

நாள் முழுக்கக் கடைத்தெருவில் பஸ் ஹாரன் கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் நீ எங்கேயோ ஒருத்தரை அடித்துவிட்டு நடுரோட்டில் நிற்பது போலவே தோன்றுகிறது. ஒரு கார்டாவது போடு.

உன் அக்காள்
ஆரோக்கியம்

*

திருமயம்
20-1-1938

இலுப்பூர் சர்க்கார் ஆஸ்பத்திரி மிட்வைஃப் ஆரோக்கியம்மாள் அவர்களுக்கு மோட்டார் டிரைவர் சவரியப்பன் எழுதிக்கொண்டது.

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் நலம் என்று அறிந்து சந்தோஷம். என்னைப் பற்றித் தாங்கள் கவலைப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவலையை இன்ஸ்பெக்டர் முன்னால் பட்டிருந்தால் எனக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

நான் ஹாரன் அடித்தேன். ஒரு தடவை அல்ல, நாலு தடவை. கண்டக்டர் சொன்னார், பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சொன்னார்கள். தங்களைத் தவிர எல்லாரும் எனக்காகச் சொன்னார்கள். எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் முதல் நாள் சொன்ன பாடம், "கை பந்துல இருக்கணும்டா, கண்ணு ரோட்டுல இருக்கணும்." ஹாரனின் ரப்பர் பந்து மூன்று மாதத்தில் வெடித்துப்போகும் அளவுக்கு அமுக்குகிறவன் நான். முதலாளி மற்ற டிரைவர்களிடம் என்னைக் காட்டி, "இவனப் பாத்துக் கத்துக்கங்க" என்பார். ஊமையாக வந்து இடித்தேன் என்றால் என்னைத் தூக்கில் போடுங்கள். சத்தம் கொடுத்துக்கொண்டு வந்தவன் முன்னால் குறுக்கே வந்து விழுந்தால் அதற்கு நான் என்ன செய்வேன்?

ஏழு பேர் ஏழு பேர் என்கிறாய். ஜனங்களுக்கு ரோட்டில் நடக்கத் தெரிகிறதா? தலையில் மூட்டை, வாயில் வெற்றிலை. ரோட்டுக்கு அந்த ஓரத்தில் ஒருத்தி, இந்த ஓரத்தில் ஒருத்தி, நடுவில் பேச்சு. சமஸ்தானத்தில் ரோடு போட்டது மோட்டார் ஓடவா, இவர்கள் கதை பேசவா?

அவள் எப்படி ஓடினாள் என்று நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஓரத்தில் ஒழுங்காகப் போனவள், பஸ் இருபது முழ தூரத்தில் இருக்கும்போது நேராகக் குறுக்கே வந்தாள். பஸ்ஸை அவள் பார்க்கவே இல்லை. எதிர் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். தலையில் இருந்த கூடையைக்கூட விடவில்லை. மூன்று மாதமாகக் கண்ணை மூடினால் அந்தக் கூடைதான். இதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

சவரியப்பன்

*

இலுப்பூர்
9-2-1938

இயேசு மரி சூசை துணை.

தம்பி சவரிக்கு,

எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தாய். சின்ன வயதில் "எங்கூடப் பேசாத போ" என்று சொல்லிவிட்டு, நான் பேசவில்லை என்று நீயே அழுவாய். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன். 'தாங்கள்' என்று ஆரம்பித்துப் பாதியில் 'நீ'க்கு வந்துவிட்டாயே, அதைப் பார்த்துச் சிரித்தேன். அடுத்த வரியில் அழுதேன்.

எதிர் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினாள் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அது என்னைச் சும்மா இருக்க விடவில்லை. எதிர் ஓரத்தில் அப்படி என்ன இருந்தது? முனியாயி வீட்டுக்கே நடந்து போனேன். அவள் புருஷர் நல்லதம்பி இருந்தார். எதிர் ஓரத்தில் இருந்தது அவர்தான். சந்தைக்குப் போகிற வழியில் அவர் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம்.

அதன் பிறகு மோட்டாரில் ஆள் செத்த இன்னும் நாலு வீடுகளுக்குப் போனேன். எல்லா வீட்டிலும் ஒரே கதைதான், சவரி. தாய் அங்கிட்டு, மகள் இங்கிட்டு. அண்ணன் அங்கிட்டு, தம்பி இங்கிட்டு. ஏன் இப்படிப் பிரிந்து நடக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாதது இல்லை, நீயும் செருப்பில்லாமல் நடந்தவன்தான். ரோட்டு நடுவில் கப்பிக்கல் காலைக் கிழிக்கும், வெயிலில் கொதிக்கும். இரண்டு ஓரத்திலும்தான் பூ மாதிரி மண் இருக்கிறது. ஓர் ஓரத்தில் ஒருத்தர்தான் நடக்க முடியும். அதனால் பாதிப்பேர் அந்தப் பக்கம், பாதிப்பேர் இந்தப் பக்கம். நடு ரோடு சும்மாதான் கிடக்கிறது. உன் பஸ் அதில் தாராளமாகப் போகலாம். ஹாரன் கேட்கிற வரைக்கும் எல்லாரும் பத்திரமாகத்தான் இருக்கிறார்கள்!

ஹாரன் பின்னால் இருந்து கேட்கிறது. தலையில் சுமை, திரும்பிப் பார்க்க முடியாது. பஸ் எந்தப் பக்கமாக வருகிறது என்று தெரியாது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் எதிர் ஓரத்தில் நிற்கிற தன்னுடைய ஆள் மட்டும். அங்கே ஓடுகிறார்கள். செத்தவர்களில் ஒருவர்கூட நடுரோட்டில் நடந்தவர் இல்லை. எல்லாரும் ஓரத்திலிருந்து ஓடி வந்தவர்கள்.

"அண்ணே, எதுக்கு அப்படி ஒங்ககிட்ட ஓடி வந்தாக? அங்ஙனயே நின்னுருக்கலாமே?" என்று நல்லதம்பியிடம் கேட்டேன். "தெரியலீங்கம்மா" என்றவர், மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்து போய்விட்டார். மற்ற வீடுகளிலும் இந்தக் கேள்விக்குத்தான் யாரும் வாயைத் திறக்கவில்லை.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஓடாதேன்னு ஜனங்களுக்கு ஊசியா போட முடியும், ஆரோக்கியம்?" என்றார். ஆனாலும் மேலே ஒரு கடிதம் எழுதிப் போட்டார், நல்ல மனிதர். பதில் வரவில்லை. இதற்குள் முந்தாநாள் இன்னொருவர். வெற்றிலைக் கூடைக்காரர். எதிர் ஓரத்தில் பெண்சாதி.

உன்னிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒரு சந்தை நாள், ஒரே ஒரு நாள், ஹாரன் அடிக்காமல் வேகத்தைக் குறைத்து அவர்கள் பின்னால் போய்ப் பார். இடம் இல்லை என்றால் நிறுத்திவிடு. இரண்டாவது, கோபித்துக்கொள்ளாதே. முனியாயி ஓடி வந்தபோது உன் கை பந்தின் மேல் இருந்தது சரி, கால் எங்கே இருந்தது?

ஆரோக்கியம்

*

திருமயம்
4-3-1938

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இருபது நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். கிழித்துப் போடவும் மனமில்லை, பதில் எழுதவும் மனமில்லை. முந்தாநாள் விபூதிப் புதன். கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தபின் இனிமேல் தள்ள முடியாது என்று தோன்றியது.

நீ கேட்டதைச் செய்து பார்த்தேன். உனக்காக ஒன்றும் இல்லை, உன் வாயை அடைப்பதற்காக. சந்தை நாள். கோட்டை தெரிகிற இடத்தில் முப்பது பேர் போலப் போனார்கள், இரண்டு ஓரத்திலும், நீ சொன்ன மாதிரியே. பந்திலிருந்து கையை எடுத்துவிட்டேன். எடுத்த கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. வேகத்தைக் குறைத்து நடு ரோட்டில் மெதுவாகப் போனேன். பக்கத்தில் போனதும் என்ஜின் சத்தத்துக்கு ஒவ்வொருவராகத் தள்ளி நின்றார்கள், அவரவர் ஓரத்திலேயே. ஒருவர்கூடக் குறுக்கே வரவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள்தான், "என்னப்பா, மாட்டு வண்டில உக்காந்த மாதிரி இருக்கு" என்றார்கள்.

தற்செயல் என்று நினைத்து அடுத்த சந்தைக்கு வழக்கம்போல ஹாரன் அடித்தேன். இரண்டாவது அமுக்கலுக்கே ஒரு பெண்பிள்ளை கத்தரிக்காய்க் கூடையோடு ஓடி வந்தாள். பிரேக்கில் ஏறி நின்றுவிட்டேன். அவளுக்கும் வண்டிக்கும் ஒரு சாண். கூடை கவிழ்ந்து காயெல்லாம் சக்கரத்துக்குக் கீழே போய்விட்டது. அவள் புருஷன் என்னை வையவில்லை, அவளைத்தான் வைதான். நான் இறங்கிக் காயைப் பொறுக்கிக் கொடுத்தேன்.

உன் இரண்டாவது கேள்விக்குப் பதில். என் கால் ஆக்ஸிலேட்டரில் இருந்தது. ஹாரன் அடித்துவிட்டேன், இனி அவர்கள் பாடு என்று இருந்தேன். காலை எடுக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. இது கோர்ட்டில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி. ஹாரன் அடித்தாயா என்றுதான் கேட்டார்கள்.

அக்கா, முனியாயி பிழைத்திருப்பாள். இதை எழுதவே எனக்குக் கை வரவில்லை.

சவரி

*

இலுப்பூர்
22-3-1938

இயேசு மரி சூசை துணை.

என் தம்பி சவரிக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னை அந்தக் கேள்வி கேட்டிருக்கக் கூடாதோ என்று ஆயிரம் தடவை நினைத்தேன். ஆனால் ஒப்புக்கொள்ள ஒரு மனம் வேண்டும், அது உனக்கு இருக்கிறது. ஆத்தாவிடம் நாம் பேசிக்கொள்கிறோம் என்று சொல்லியனுப்பினேன். பணியார அச்சை எடுத்துக் கழுவி வைத்துவிட்டாளாம்.

இப்போது புதிய கவலை. ஏப்ரல் பதினேழாம் தேதி ஈஸ்டர், பாஸ்குத் திருநாள். நம் ஆவூர்த் தேருக்கு நாலு திசையிலிருந்தும் ஜனம் நடந்து வரும். குடும்பம் குடும்பமாக, கைப்பிள்ளைகளோடு. எல்லா முதலாளிகளும் ஸ்பெஷல் பஸ் விடப்போகிறார்களாம். சாதாரணச் சந்தைக்கே இந்தக் கதி என்றால் அன்றைக்கு என்ன ஆகும்?

பங்குச் சாமியாரைப் பார்த்துச் சொன்னேன். முதலில், "நீ பிள்ளைப்பேறு பாக்குறவ, ஒனக்கு எதுக்கும்மா மோட்டாரு?" என்றார். பேர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாலாவது பேர் அவரே செபம் சொல்லி அடக்கம் செய்தவர். வருகிற ஞாயிறு முதல் பூசைப் பிரசங்கத்தில், எல்லாரும் ஒரே ஓரமாக நடக்க வேண்டும், ஹாரன் கேட்டால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்கிறேன் என்றார்.

நானும் சனிக்கிழமை இங்கிருந்து நாற்பது பேரோடு நடந்துதான் போகிறேன். திட்டாதே. உன் லைசென்ஸைப் பிடுங்கியபோது, அது திரும்பக் கிடைத்தால் பாஸ்குவுக்கு ஆவூருக்கு நடந்து வருகிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். சாட்சி சொன்ன அன்று சாயந்தரமே நேர்ந்துகொண்டது. உன்னிடம் சொல்ல வாய்க்கவில்லை.

அன்றைக்கு நீ பஸ் எடுக்காதே, சவரி. காய்ச்சல் என்று சொல்லிவிடு.

ஆரோக்கியம்

*

திருமயம்
8-4-1938

அக்காவுக்கு,

கார்டில் இடமில்லை. காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தேன். இலுப்பூரிலிருந்து ஆவூருக்கு இரண்டு ஸ்பெஷல், ஒன்று நான், இன்னொன்று ஹாரனை நம்பியே வண்டி ஓட்டுகிற நாகராசு, மாட்டேன் என்றால் சாவியை வைத்துவிட்டுப் போ என்றுவிட்டார் முதலாளி. நான் போகாவிட்டால் இன்னொரு நாகராசு வருவான், அதற்கு நானே மேல் என்று ஒப்புக்கொண்டேன். ஹாரனைத் தொட மாட்டேன். கூட்டம் இரண்டு பக்கமும் இருந்தால் நிறுத்திவிட்டு இறங்கி ஒரு பக்கமாகச் சேர்த்துவிட்டுத்தான் எடுப்பேன். "சத்தமில்லாமப் போறதுக்கு நீ என்ன களவாங்கவா போற?" என்று நாகராசு கேலி செய்கிறான். அவன் எனக்குப் பின்னால்தான் வருவான். எனக்கு அதுதான் பயம்.

நேர்த்தியை அடுத்த வருஷம் செலுத்து, மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். நடந்துதான் வருவேன் என்றால் இடது ஓரத்தை விடாதே. எந்தச் சத்தம் கேட்டாலும் நின்ற இடத்திலேயே நில்.

உன் நேர்த்தியைப் பற்றி எழுத இந்தக் கார்டு போதாது. நேரில் பேசுவோம்.

சவரி

*

திருச்சிராப்பள்ளி
30-4-1938

இயேசு மரி சூசை துணை.

தம்பி சவரிக்கு,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கம்பவுண்டர் எழுத்து போலத்தான் இருக்கும்.

நான் கண் விழித்தபோது நீ இல்லை. உன் பஸ்ஸிலேயே என்னைத் தூக்கிப் போட்டு இங்கே கொண்டுவந்தாயாம். மூன்று நாள் வராந்தாவில் சாப்பிடாமல் கிடந்தாயாம். நான் கண் திறந்துவிட்டேன் என்று நர்சு வந்து சொன்னதும் எழுந்து போய்விட்டாயாம். பத்து நாளாகிறது. ஆத்தா வந்தாள், சாமியார் வந்தார், டாக்டர்கூட வந்தார். நீ வரவில்லை.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உனக்குத் தெரிந்திருக்கும். பிரசவத்துக்கு ஆள் வந்தால் ஊர் ஊராக நடந்து போகிறவளுக்கு இனி என்ன வேலை கொடுப்பார்களோ தெரியவில்லை. அதை அப்புறம் யோசிக்கலாம். என்னைக் குடைவது வேறொன்று.

நாற்பது பேரையும் நான்தான் இடது ஓரத்தில் வரிசையாக நடத்தி வந்தேன். விராலிமலை தாண்டி உன் பஸ் சத்தமில்லாமல் எங்களைக் கடந்து முன்னால் போய் நின்றது. எங்களுக்கு முன்னே போன கூட்டம் வலது ஓரத்திலும் பரவியிருந்தது. நீ இறங்கி ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய், அவர்களை ஓரங்கட்டி நிற்கவைத்துக்கொண்டிருந்தாய். நான் நடந்து வந்து நின்ற பஸ்ஸின் முகப்புக்குப் பக்கத்தில் நின்றேன். ஐந்து மாதம் கழித்து உன்னைப் பார்க்கிறேன். மெலிந்திருந்தாய். சட்டைக் காலர் கிழிந்திருந்தது. நீயும் என்னைப் பார்த்தாய். அப்போது நாகராசு பஸ்ஸின் ஹாரன் பின்னாலிருந்து கேட்டது. உன் பஸ் மறைத்ததால் அது எங்கே வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் நினைவு இருக்கிறது. அதற்குப் பிறகு இந்தக் கட்டில்.

குறுக்கே ஓடினது நான் ஒருத்திதானாம். என் பேச்சைக் கேட்ட நாற்பது பேருக்கும் ஒரு கீறல் இல்லை. நான் ஓடினேன்! ஊருக்குத்தான் உபதேசம் என்று இங்கே நர்சுகள்கூடச் சிரிப்பார்கள். முனியாயியைப் புத்தி இல்லாதவள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை என்றுதான் எண்ணியிருந்தேன். நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது. இல்லாவிட்டால் இத்தனை வெட்கம் ஏன் வருகிறது?

பத்தாம் தேதி கோர்ட்டில் விசாரணையாம். ஹாரன் அடித்தேன், அந்தம்மாள்தான் ஓடி வந்து விழுந்தாள் என்று நாகராசு எழுதிக் கொடுத்திருக்கிறான். எல்லாம் தெரிந்த நான் ஏன் ஓடினேன்? நீ பார்த்திருப்பாய். நான் ஓடியதில் உனக்குக் கோபம் என்றால் நேரில் வந்து திட்டு. வராமல் மட்டும் இருக்காதே.

ஆரோக்கியம்

*

ஆவூர்
4-5-1938

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு உன்மேல் கோபம் இல்லை. உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் ஓடி வந்துவிட்டேன். திருநாளன்று வண்டியைப் பாதி வழியில் நிறுத்தினேன் என்று முதலாளி என்னை நீக்கிவிட்டார். ஆத்தாவோடுதான் இருக்கிறேன். நான் ஏன் ஓடி வந்தேன் என்பதை அவளிடமும் சொல்லவில்லை.

நேற்று இங்கிருந்து நடந்து நல்லதம்பி வீட்டுக்குப் போனேன். நான் யார் என்று சொன்னேன். அவர் அரிவாளை எடுத்திருந்தாலும் நான் நின்றிருப்பேன். அவர் எடுக்கவில்லை. பாய் போட்டு உட்காரச் சொன்னார். உன் கால் போனதைச் சொன்னேன். அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்பதையும் சொன்னேன். உலகத்தில் முதலில் அவரிடம்தான் சொன்னேன். அவர் அழுதுகொண்டே சொன்னார். "நானுந்தேன் தம்பி. ஆரன் கேட்டதும் 'இங்கிட்டு ஓடியா புள்ள'ன்னு கைய நீட்டிக் கூப்புட்டேன். அங்ஙனயே நிக்கிறவளக் கூப்புட்டேன். ஒங்க அக்கா வந்து கேட்டப்பச் சொல்ல வாயி வரல. எப்புடிச் சொல்லுவேன்?"

நீ கேட்டுக்கொண்டு போன வீடுகளில் ஏன் யாரும் வாய் திறக்கவில்லை என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். பிழைத்திருக்கிறவர்கள்தான் கூப்பிட்டவர்கள். பயம் வந்ததும் தன்னுடைய ஆள் தன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஹாரன் பயத்தைத்தான் கொடுக்கிறது. கூப்பிடுவது நாம்.

பத்தாம் தேதி கோர்ட்டில் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். நாகராசு ஹாரன் அடித்தான், பிரேக்கைத் தொடவில்லை, ஐப்பசியில் நான் செய்ததையே அவனும் செய்தான் என்று சொல்வேன். மற்றதையும் சொன்னால் அவன் தப்பித்துக்கொள்வான் என்று வக்கீல் குமாஸ்தா பயமுறுத்துகிறார். தப்பித்தால் தப்பிக்கட்டும். நீ கூடப்பிறந்தவனுக்காக ஒரு வார்த்தை குறைக்கவில்லை, நான் எனக்காகக் குறைக்க மாட்டேன். சாமியாரிடமும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஓரமாக நடங்கள், ஹாரன் கேட்டால் நில்லுங்கள் என்று சொன்னது போதாது. எதிர் ஓரத்தில் இருப்பவரைக் கூப்பிடாதீர்கள் என்பதையும் அவர் பிரசங்கத்தில் சேர்க்க வேண்டும்.

அக்கா, நீ அசையாமல்தான் நின்றாய். நாகராசு ஹாரன் அடித்த பிறகும் நின்றாய். பஸ் முகப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடி, நான் கார்டில் எழுதின மாதிரியே நின்றாய். அவன் வண்டியை நான் பார்த்துவிட்டேன், நீ பார்க்கவில்லை. எல்லாம் தெரிந்த நான், இரண்டு கையையும் நீட்டி, "அக்கா, இங்கிட்டு வா!" என்று கத்தினேன். ஐந்து மாதம் பேசாமல் இருந்த தம்பி கூப்பிடுகிறான் என்று உன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

நீயாக ஓடவில்லை. நான் கூப்பிட்டேன், நீ வந்தாய்.

உன் தம்பி
சவரி